தீராத நோவும் திராட்சைத் தோட்டமும்

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் புருசனும் பெண்சாதியும். ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்திருந்த அந்த மனுசன் சொன்னார்:

"கிட்னி நோவு தீராதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. குத்தகைக்குக் கேட்ட தம்பிக்கே திராட்சைத் தோட்டத்தை விட்டுருவோம் புள்ள."

"அதுக்கு மேல சொன்னதைக் காதுல வாங்குனீகளா? உப்பைக் குறைச்சு, பிரஷரை ஏறவிடாம, மாத்திரையை ஒழுங்காப் போட்டா, ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல படுக்காமலே ரொம்ப வருசம் ஓட்டலாம்னாக."

"கட்டாயம்னு சொல்லலையே."

"திராட்சைக்கு மட்டும் யாரு எழுதிக் குடுத்தா? ஒரு மழை அடிச்சா பழம் அம்புட்டும் வெடிச்சுப் போகுது. அதுக்காகக் கொடியைக் கழிச்சுக் கவாத்து வெட்டாம இருந்தீகளா?"

பஸ் சின்னமனூரைத் தாண்டியது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"கருவாடு?"

"கெடையாது."

"ஊறுகா?"

"மூச்சு விடக் கூடாது."

"அப்ப இம்புட்டு வருசம் இருந்து என்னத்தப் பண்ண?"

"எங்கூடச் சண்டை போடுங்க. அதுக்கு உப்பு வேணாம்."

பக்கத்து சீட்டு அம்மா சிரித்தே விட்டார். அந்த மனுசன் மட்டும் சிரிக்காமல் போனை எடுத்தார்.

"தம்பி, குத்தகைக்கு வேற தோட்டம் பாருப்பா. இதை நானே பாத்துக்கிறேன்."