வரிசையில் இல்லாதவன்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவனுக்குத்தான் நாற்காலியின் அருமை தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி உள்ளே அனுப்புவது என் வேலை. நிற்க முடியாதவர்கள் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வரிசை நகர நகர, பின்னால் நிற்பவர் அதைக் காலால் தள்ளிக்கொண்டே வருவார். செருப்பும் ஆளாகத்தான் கணக்கு. நான் கொண்டுவந்த வழக்கம் அது. நியாயமான மனுஷன் என்று என்னைச் சொல்லாதவர் இல்லை. மாமியாரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தது உண்மைதான். அது குடும்ப விஷயம், இதில் சேராது.

அன்று அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும், இனிக் கவலையில்லை என்பதுபோல் சிரித்தான். புதுச் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு பெஞ்சில் சாய்ந்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் புதுச் செருப்பு எப்போதும் அவனுக்குத்தான். அவன் கால் வளர்ந்த பிறகு, தேய்ந்தது எனக்கு வரும். "மூத்தவனுக்கு மொதல்ல செய்றதுதான்டா நியாயம்" என்பாள் அம்மா. நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பு எப்படி ஆளாகும்? இத்தனை காலம் கால்கடுக்க நின்றவர்களுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் செய்திருக்கிறேன்! யாரிடமாவது தொடங்கித்தானே திருத்த வேண்டும்? சொந்த அண்ணனிடம் தொடங்கினால் பாரபட்சம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அவன் செருப்பை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

அண்ணி ஓடி வந்தார். "தம்பி, அவருக்கு வேர்த்துக் கொட்டுது. கொஞ்சம் உள்ள விடுங்களேன்."

"எல்லாருக்கும் ஒரே நியாயம்தான் அண்ணி. வரிசையில நிக்கச் சொல்லுங்க."

அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், டாக்டரே கதவைத் திறந்தார். "வரிசையில அவசரமா யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார்."

பெஞ்சில் அண்ணனின் உதடு நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை, ஐயா. அவன் வரிசையில் இல்லை.

அண்ணனின் காரியம் முடிந்தும் அண்ணி இன்னும் அந்தச் செருப்பைத் தேடுகிறாராம். குனிந்து பாருங்கள், என் காலில்தான் இருக்கிறது. அவனுக்கு அடுத்து நான் என்பதுதானே எங்கள் வீட்டு நியாயம்? அவன் போட்டுத் தேயாத செருப்பு எனக்கு வந்தது இதுதான் முதல் தடவை.