பறவை இறங்கும் என்று சொன்னவன் பேசுகிறேன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பாட்டுக்கார ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் அச்சகத்து முதலாளி அவர்களே, முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் மாமா அவர்களே, ஆடுகிறவர்களே, பாடுகிறவர்களே, நடிக்கிறவர்களே, நாற்காலி போதாமல் கதவோரம் நிற்கிற சொந்தங்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த வெல்டரின் வணக்கம்.

ஐயா எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். மைக்கைக் கையில் தரும்போது காதோடு காதாக, "அஞ்சுன்னா அஞ்சு, உன்னோட அஞ்சு இல்ல" என்று சொல்லித்தான் தந்தார். இரங்கல் கூட்டத்திலும் என் வாயை நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், பார்த்தீர்களா? அழுகையால் என்று நினைக்காதீர்கள். அழுது முடித்துவிட்டேன். இது பயம். நாளைக் காலை பத்து மணியை நினைத்து வருகிற பயம். அக்கா இருந்திருந்தால் இந்தப் பயம் அக்காவுடையதாக இருந்திருக்கும். போகிறவர் இதையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நம் கலைஞர் சங்கத்தின் செயலாளர், எல்லோராலும் விண்ணப்ப அக்கா என்று அழைக்கப்பட்ட நம் அக்கா, போன வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் என் வாய்க்கே நம்பிக்கை வரவில்லை.

அக்கா யார்? பாடத் தெரியாது. ஆடத் தெரியாது. ஒரு பூ வரையச் சொன்னால் அது முட்டைக்கோஸ் மாதிரி வரும். வேலைக்காலம் முழுக்கத் தண்ணீர்க் கட்டண அலுவலகத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையெழுத்து இல்லை நாளைக்கு வா, தேதி இல்லை நாளைக்கு வா என்று ஜனங்களைத் திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்றதும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்தார். சின்னச் சின்ன நிதி உதவி எங்கே கிடைக்கும், எந்தக் குழு எந்தக் கலைக்குக் கொடுக்கும் என்று தேடித் தேடி, நமக்காக விண்ணப்பம் எழுதிப் போட ஆரம்பித்தார். செய்த பாவத்தைக் கழுவுகிறீர்களா அக்கா என்று ஒரு தடவை கேட்டேன்.

"உன்ன மாதிரி ஆள திருப்பி அனுப்புனதெல்லாம் பாவக் கணக்குல வராதுடா" என்றார்.

சங்கத்து அறை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அச்சகத்து மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசை ஆடும். அக்கா எழுதுவதெல்லாம் அந்த ஆட்டத்திலேயே எழுதிவிடுவார். கையெழுத்துப் போடும்போது மட்டும் செருப்புக் காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. கீழே மெஷின் நிற்கும். கையெழுத்து விழும். இன்னொரு மிதி. மெஷின் ஓடும். முதலாளி ஐயா, ஒருநாளாவது நீங்கள் முகம் சுளித்தீர்களா? இல்லை. ஆனால் நேற்று மாலை நீங்களாகவே மெஷினை நிறுத்திவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. நிதி கொடுக்கிற குழு நேர்காணலுக்குக் கூப்பிட்டால் எந்தக் கலைஞனும் தனக்காகத் தானே பேசக்கூடாது. பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவனுக்காக இன்னொரு கலைஞன் பேச வேண்டும். பாடுகிறவருக்கு ஆடுகிறவர், ஆடுகிறவருக்கு நடிக்கிறவர். ஏன் அக்கா என்று கேட்டால், நம் ஆட்கள் தங்களைப் பற்றிப் பேசினால் ஒன்று தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் அழுதுவிடுகிறார்கள், இரண்டுக்கும் யாரும் நிதி கொடுப்பதில்லை என்பார்.

பேசப் போகிறவருக்கு முதல்நாள் ஒத்திகை உண்டு. அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் போய், கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைப்பார். அவ்வளவுதான், ஆளே மாறிவிடுவார். வாடா போடா என்கிற அதே வாய், "வாங்க, உட்காருங்க" என்று சொல்லும். அந்த மரியாதையைக் கேட்டதும் எனக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றும். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இது நடக்காம போனா யாருக்கு என்ன குறை?"

ஆடல் நடக்காமல் போனால் யாருக்கு என்ன குறை? பாட்டு நடக்காமல் போனால் யாருக்கு என்ன குறை? எத்தனை பேர் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மாடிப்படி இறங்கி வந்து, தேநீர்க் கடையில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, மறுபடி ஏறியிருக்கிறோம்! கலை வாழும், கலை வளரும் என்றெல்லாம் சொன்னால் பேனா மூடியால் மேசையைத் தட்டுவார். யாருக்கு என்று கேட்டேன் என்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைக்கிற சாதாரண வெல்டர். சங்கத்து மேடையின் கால் உடைந்தது, ஒட்டவைக்கப் போனேன், அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். நம் தலைவர் ஐயா ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் பாட ஒரு சிறு நிதி கேட்டிருந்தார். அவருக்காகப் பேச வேண்டிய நாட்டியக்காரம்மாவுக்குக் காய்ச்சல். நீ போ என்றார் அக்கா. நான் கலைஞன் இல்லையே என்றேன். மேடைக்குக் கால் வைத்தவனும் கலைஞன்தான், போ என்றார்.

போனேன். ஒத்திகையில் சொன்னதை ஒழுங்காகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்த குழுவில் நடுவில் இருந்த அம்மா தலையாட்டினார். தலையாட்டியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இவரு பாடுனா மரத்துல இருக்குற பறவையெல்லாம் கீழ இறங்கி வரும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா குனிந்து அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஐயா என் தொடையைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

நிதி வந்தது. கூடவே, பாட்டையும் பறவைகளையும் காணக் குழுவினர் நேரில் வருவார்கள் என்று செய்தியும் வந்தது. ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். தான் பாடினால் மரத்தில் இருக்கிற காக்கையும் பறந்துவிடும் என்று அவரே ஒத்துக்கொண்டார். ஐயா, நான் சொல்லவில்லை, நீங்கள் சொன்னது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. என்னைக் கூப்பிட்டு மெதுவாக ஒன்று சொன்னார்.

"அங்க சொன்னது வாக்கு. நீ சொன்ன பறவைய நீயே செய்."

பழைய சைக்கிள் மட்கார்டு இறக்கையானது. ஸ்போக் கம்பி காலானது. மணி மூடி தலையானது. வாய் செய்த வேலைக்குக் கை தண்டனை அனுபவித்தது. ஒரு கூட்டம் பறவைகளைச் செய்து மரத்தில் ஏற்றி, கயிறும் கப்பியும் கட்டி, ஐயா இரண்டாவது பாட்டைத் தொடங்கியதும் கயிற்றைத் தளர்த்தினேன். இறங்கின! பாதி கிளையில் சிக்கிக்கொண்டன, அது வேறு. ஒன்று அறுந்து ஐயாவின் ஆர்மோனியத்தின் மேலேயே விழுந்தது. ஐயா அசரவில்லை, அதையும் தாளம் என்று நினைத்துப் பாடினார். குழுவைச் சேர்ந்த அந்த அம்மா கைதட்டியதைப் பார்த்து அக்கா அன்றுதான் மூச்சு விட்டார். அடுத்த மாதமே என் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதினார். இன்றைக்கு நான் சிற்பம் செய்கிறவன் என்றால், அது என் உளறலை ஒரு மனுஷி வாக்காக மதித்ததால் வந்தது.

சிரியுங்கள். மாமாவே சிரிக்கிறார். ஆனால் இந்தக் கதைதான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

பேருந்து டிப்போவில் வண்டி கழுவுகிற நம் தங்கச்சியை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மதிய ஓய்வில், பழைய கால அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில், கரித்துண்டால் படம் வரைகிறவள். யாரை? பேருந்துக்குக் காத்திருக்கிறவர்களை. மூட்டை மேல் தலை சாய்த்துத் தூங்குகிறவர், செருப்பைக் கழற்றி விரலைத் தேய்க்கிறவர், கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண். அந்தப் படங்களை அந்தக் காத்திருப்புக் கூடத்திலேயே மாட்ட வேண்டும், அதற்குப் படச்சட்டமும் விளக்கும் வாங்க ஒரு சிறு நிதி வேண்டும் என்பது திட்டம். முதலில் மாட்டேன் என்றாள். அக்கா டிப்போவுக்கே நடையாய் நடந்தார். மாட்டேன், மாட்டேன் என்றாள். கடைசியில், நீங்கள் பேசுவதானால் சரி என்றாள். தன் சட்டத்தையே வளைத்து, கலைஞர் அல்லாத அக்கா தானே பேச ஒத்துக்கொண்டார்.

அந்த நேர்காணல் நாளைக்கு.

அக்காவை வழியனுப்பிவிட்டு வந்த அன்றே குழு அலுவலகத்துக்குப் போன் போட்டோம். வருத்தப்பட்டார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஆனால் தேதியை மாற்ற முடியாது, வேறு யாராவது வந்து பேசலாம், படம் வரைந்தவர் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். யார் போவது? நாட்டியக்காரம்மா வெளியூர் நிகழ்ச்சியில். தலைவர் ஐயாவை அனுப்பினால் பேச மாட்டார், பாடிவிடுவார். மிச்சம் இருப்பது நான்.

இன்று காலை டிப்போவுக்குப் போனேன். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு வண்டியின் முன் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாளைக்கு நான் வருகிறேன்மா என்றேன். தண்ணீரை நிறுத்தவே இல்லை.

"நீங்க போறதா இருந்தா நான் வரலண்ணே."

ஏன்மா என்றேன்.

"நீங்க பறவைய இறக்குனவரு. என் படத்துல தூங்குறவங்கள எழுப்பி நடக்க வெச்சிடுவீங்க. அப்புறம் நான் எங்க போவேன்?"

அவள் சொன்னது உண்மை. நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் அதைச் செய்ய வேண்டியது அவள். எனக்காவது வெல்டிங் கடை இருந்தது. அவளுக்கு ஒரு கரித்துண்டுதான் இருக்கிறது. நாளைக்கு அவள் வராவிட்டால் இந்தத் திட்டம் கிழித்துப் போட்டதுதான். இன்னொரு தடவை அவளைச் சம்மதிக்க வைக்க டிப்போவுக்கு நடக்க அக்கா இல்லை. அதுதான் என் பயம்.

அன்பானவர்களே, அக்காவின் கேள்வியை அக்காவுக்கே வைத்துப் பார்க்கிறேன். அக்கா இல்லாமல் போனால் யாருக்கு என்ன குறை? மாமாவின் குறையைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வீடு முழுக்க உங்கள் ஆட்களின் காகிதம், உட்கார நாற்காலி இல்லை என்று சண்டை போட்ட மாமா, நேற்று நான் அந்தக் காகிதத்தை எடுக்கப் போனபோது, இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம் என்றார். நான் எடுக்கவில்லை. நம் குறையை மட்டும் சொல்கிறேன். உண்மையாகப் பயப்படுவதற்கு முன்னால், எதிரில் உட்கார்ந்து நம்மைப் பயமுறுத்திப் பழக்க இனி ஆள் இல்லை. அவ்வளவுதான் குறை. அவ்வளவு பெரிய குறை.

அதனால் இந்தச் சபை முன்னால் சங்கத்தின் சார்பில் ஒன்று சொல்கிறேன். அச்சகத்து மாடி பூட்டப்படாது. அக்காவின் நாற்காலியில் முறைவைத்து நாம் உட்காருவோம். ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது நிற்காது. கையெழுத்துக்குத் தரையில் மிதிப்போம், முதலாளி ஐயா மெஷினை நிறுத்துவார். தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் வாக்கு.

இன்னும் ஒன்று பாக்கி. எனக்கு ஒத்திகை நடக்கவில்லை. நேர்காணல் நாளைக்கு, ஒத்திகை பார்க்க அக்கா இல்லை. தயவுசெய்து கண்ணாடி போட்டிருப்பவர்கள் எல்லோரும் கழற்றிவிடுங்கள். மாமா, நீங்களும். நன்றி. ஐயோ, ஓடிவிடத் தோன்றுகிறது. சரியாகத்தான் இருக்கிறது.

தங்கச்சி, கதவோரம் தூணுக்குப் பின்னால் நிற்கிறாய், தெரிகிறது. கேட்டுக்கொள். நாளைக்கு நான் இதைத்தான் பேசுவேன்.

ஐயா, அம்மா, வணக்கம். இது நடக்காமல் போனால் யாருக்கு என்ன குறை என்று அக்கா இந்தப் பெண்ணைக் கேட்டபோது இவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பஸ்ஸுக்கு காத்துக்கிட்டு இருக்கறவங்கள யாரும் பாக்குறதில்லக்கா. அவங்கள ஒருத்தி பாத்திருக்கான்னு அவங்களுக்குத் தெரியணும்." இவள் பார்த்திருக்கிறாள். படம் இதோ இருக்கிறது. அதை மாட்ட ஒரு சுவர் வேண்டும், சட்டம் வேண்டும், விளக்கு வேண்டும். அந்தப் படங்களை மாட்டிவிட்டால் பாருங்கள், வருகிற பேருந்தெல்லாம்...

என்னம்மா? சத்தமாகச் சொல். ஒலிபெருக்கி இரைச்சலில் கேட்கவில்லை.

"அதோட நிறுத்திக்குங்கண்ணே" என்கிறாள்.

சரிம்மா. நாளைக்கு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதையே சொல். பத்து மணி. ஒன்பதரைக்கே டிப்போ வாசலில் நிற்கிறேன்.

தலையை ஆட்டிவிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நிறுத்திக்கொள்கிறேன்.