துரையின் வாலில் நேர்வெட்டு

ரிஸ்வி தம்பிக்கு,

பைட்டர் மீன் வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. சுத்தமான தண்ணீர், கொஞ்சம் சூடு, தண்ணீரில் போட ஒரு காய்ந்த கொட்டம்பா இலை, இவ்வளவும் போதும் என்று நீங்கள்தான் உங்கள் ஹட்டன் கடையில் வைத்துச் சொன்னீர்கள். எங்கள் வட்டகொடைக் குளிருக்கு அந்தக் கொஞ்சம் சூட்டையும் ஹீட்டராக நீங்களே விற்றீர்கள். வியாபாரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நேற்று அன்னாசிப்பழத்தோடு யூஜினாவைப் பார்க்க வந்தீர்கள். மாவுக்கட்டோடு கிடக்கும் என் மகளை ஐந்து நிமிடமும், தொட்டியில் கிடக்கும் மீனைக் கால்மணி நேரமும் பார்த்தீர்கள். பிறகு குசினிக்கு வந்து, தேத்தண்ணீரைக் கூடத் தொடாமல் சொன்னீர்கள்.

"டீச்சர், வால் செட்டை அழுகினா பிஞ்சு பிஞ்சு நிக்கும். இதுல புதுசா வளந்த ஓரத்துக்கு உள்ள பழைய வால் நூல் புடிச்ச மாதிரி நேரா நிக்குது. கத்தரியால வெட்டினது இது. வியாழக்கிழமைக்குள்ள நீங்களே யூஜினாகிட்ட சொல்லிருங்க. இல்லாட்டி நான் சொல்லுவன்."

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கை, தம்பி. கோணலாக வெட்ட நினைத்தாலும் வராது. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான் எப்போதும் பிடிபடுகிறார்கள்.

ஆனால் முதல் காயம் என்னுடையது அல்ல. உங்கள் கடை பிளாஸ்டிக் செடியுடையது. யூஜினா கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். போர்டிங்கில் மீன் வைக்க விடமாட்டார்கள் என்று துரையை என்னிடம் கொண்டுவந்து விட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சும்மா சுற்றிவருவதால் அவனுக்குத் துரை என்று பெயர். அம்மாவை வைத்துக்கொள்ளவும் அந்தப் போர்டிங்கில் இடமில்லை. அது வேறு விஷயம்.

அந்தச் செடியில் உரசி வால் கிழிந்ததைப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள் அந்தச் சனிக்கிழமையே ரயிலில் வந்து இறங்கினாள். அடுத்த சனியும் வந்தாள். ஐந்து சனிக்கிழமைகள். செடியைத் தூக்கி எறிந்தாள், உப்பை அளந்து கரைத்தாள், தண்ணீர் மாற்றினாள். ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இங்க வந்து பாருங்களேன்! கண்ணாடி மாதிரி புதுசா வளருது!"

கிழிந்த இடத்தில் நிறமில்லாத மெல்லிய ஓரம் ஒன்று முளைத்திருந்தது. நான் அவள் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புக்குப் பிறகு அவள் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துரை தேறினான். அதோடு ஏழு சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. "துரை நல்லா இருக்கான்ல? அப்ப சரிம்மா" என்று போனை வைப்பாள். எனக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை என்றேன். பாம் தடவச் சொன்னாள். மீனுக்கு ரயில், எனக்கு பாம்.

எட்டாவது வாரம் துரையை வலையில் அள்ளி, நனைந்த துணியில் கிடத்தி, வாலின் ஓரத்தை நறுக்கினேன். ஒரு நொடி வேலை. வலித்திருக்குமா என்று கேட்பீர்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை யூஜினா வந்தாள். பிறகு ஒவ்வொரு முறையும் வளர விட்டுத்தான் வெட்டினேன். ஒரு வருடத்தில் நான்கே முறை. அவசரக்காரி என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. வெட்டிய கையோடு ஹீட்டரைச் சரிபார்த்து, இலை போட்டு, நானே அவனைத் தேற்றியும் விடுவேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாள் என்பீர்கள். கிள்ளினால்தானே தம்பி, தொட்டில் பக்கம் ஆள் வருகிறது.

மீனைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

மாலைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"துரைய ரிஸ்வி நானா கடையில குடுத்துருவோம்மா. உங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்."

எனக்கு வேலை மிச்சம் பிடிப்பதில் என் மகளுக்கு இருக்கிற அக்கறையைப் பாருங்கள். இனி அவன் வாலை எவ்வளவு நறுக்கினாலும் ஒரு ரயிலும் வராது என்று அன்றைக்கு விளங்கியது.

எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் கற்படியில் மூன்றாவது கல் உங்களுக்குத் தெரியும். அடியில் சில்லுக் கற்களை முட்டுக்கொடுத்து நான்தான் அதை ஆடாமல் வைத்திருந்தேன். அவள் அந்த வேலைக்காக ஹட்டனுக்கு மெடிக்கல் எடுக்கப் புறப்பட்ட காலையில், மழை விட்டிருந்த நேரம், அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வெறும் சுளுக்கு என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிந்தது என் பிழை அல்ல. புதுச் செருப்பு போட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு, "டீச்சர் மாதிரி ஒரு தாய் யாருக்குக் கிடைக்கும்" என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு வாரமாக யூஜினாவுக்குத் தலை வாரிவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். வியாழக்கிழமை மாவுக்கட்டை அவிழ்க்கிறார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். ஜனவரி வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாக மாலைதீவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். என்ன அவசரமோ.

தாராளமாகச் சொல்லுங்கள், தம்பி. இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். விழுந்ததும் அவள் "அம்மா" என்றுதான் கத்தினாள். மாலைதீவில் விழுந்து கத்தியிருந்தால் யார் வந்திருப்பார்கள்? இங்கே அவள் வாய் மூடுவதற்குள் நான் போய்த் தூக்கிவிட்டேன். அதற்காகத்தான் அவள் இறங்குவதற்கு முன்பே கதவுக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன்.

இப்படிக்கு,
சுகிர்தம் டீச்சர்