வேர் மூடாத பல்

— வலிக்குதுன்னு சொன்ன பக்கத்துல ஒரு சொத்தை கூட இல்லீங்க.

— நான் அப்பவே சொன்னேனே நாஜியா டாக்டரம்மா, எக்ஸ்ரே எல்லாம் எதுக்குன்னு. அந்த மஞ்சக் கறையை மட்டும் எடுத்து உடுங்க. ஞாயித்துக்கெழம கல்யாணம். போட்டோவுல பல்லு பளிச்சுனு இருக்கணும்.

— கிளீனிங்குக்கு வந்தாலும், வலின்னு சொன்னா எக்ஸ்ரே பாத்துட்டுத்தான் நான் கை வைப்பேன். கண்ணுக்குத் தெரியறது பாதிப் பல்லுதான். மாப்பிள்ளை யாரு?

— எம் பையந்தான், ராஜவேலு. இது தங்கச்சி பொண்ணு, பிரியதர்ஷினி. தங்கச்சி இங்க மரக்காணம் உப்பளத்துல உப்பு சொமக்குது. அப்பன் இல்லாத பொண்ணு, நாமதான பாக்கணும்.

— பிரியதர்ஷினி, உனக்கு என்ன வயசும்மா?

— பத்தொம்பதுங்க.

— நான் அவளைக் கேட்டேன்.

— அவ பேச மாட்டா. கூச்ச சுபாவம். பத்தொம்பதுன்னே எழுதிக்குங்க.

— சரி. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

— மாட்டுத் தரகு. முப்பது வருசமா. கிளியனூர்ல எறங்கி சுப்ராயன்னு கேட்டுப் பாருங்க, தெரியாத ஆளே கெடையாது.

— மாட்டுக்கு வயசு எப்படிப் பாப்பீங்க?

— வாயைப் பொளந்து பல்லைப் பாப்பேன். விக்கிறவன் ஆயிரம் கதை சொல்லுவான், காதுலயே வாங்க மாட்டேன். ஒரு தடவ கூட ஏமாந்ததில்ல.

— அப்ப இந்த எக்ஸ்ரேவை நீங்களே பாருங்க. இது பன்னெண்டு வயசுல மொளைக்கிற கடவாப் பல்லு. வேரோட நுனி தொறந்தே இருக்குது பாருங்க, இன்னும் மூடல. இதுக்குப் பின்னாடி கடைசிப் பல்லு, எலும்புக்குள்ளயே இருக்குது. அது வேரே விடல. பத்தொம்பதுன்னா அந்த வேர் பாதிக்கு மேல எறங்கியிருக்கணும்.

— மாடும் மனுசனும் ஒண்ணாங்க?

— ஒரு வருசம் முன்ன பின்ன இருக்கும். நாலு வருசம் இருக்காது. இவளுக்குப் பதினாலு, மிஞ்சிப் போனா பதினஞ்சு.

— வயசுக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. அது போதாதா?

— போதாது. நான் இதை எழுதிக் கையெழுத்துப் போடுறேன். குழந்தைங்க ஹெல்ப்லைனுக்கும் இப்பவே போன் பண்ணப் போறேன். ஞாயித்துக்கெழம தாலி கட்டுனா உங்களுக்கும் ஜெயிலு, உங்க பையனுக்கும் ஜெயிலு.

— அந்தப் படத்தை இப்படிக் குடுங்க, இன்னொரு தடவ பாக்குறேன்.

— என்னங்க, அதையே பாத்துட்டு இருக்கீங்க?

— இளம்பல்லுதான் டாக்டரம்மா. வேற யாராச்சும் சொல்லியிருந்தா மல்லுக்கு நின்னிருப்பேன். இதைப் பாத்துட்டு நான் என்னத்தப் பேசுறது? நிறுத்திடுறேன். தங்கச்சிகிட்ட நானே சொல்லிடுறேன்.

— நல்லதுங்க. வெளிய போய் உக்காருங்க, கிளீன் பண்ணி அனுப்புறேன்... பிரியதர்ஷினி, அவரு போயிட்டாரு. இப்ப சொல்லு, எந்தப் பல்லு வலிக்குது?

— எதுவும் வலிக்கலீங்க டாக்டர். பல்லை எக்ஸ்ரே எடுத்தா வயசு தெரிஞ்சிடும்னு எங்க ஸ்கூல் கேம்ப்ல நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லி மாமா கேக்கல, டீச்சர் சொல்லியும் கேக்கல. பல்லு சொன்னா கேப்பாருன்னுதான் கூட்டியாந்தேன்.