பேர் வைத்த மீன்கள்

"இந்தத் தடவ மீனுக்குப் பேரு வைக்கக் கூடாது. சொல்லிப்புட்டேன்."

அறந்தாங்கியில் கட்டுமாவடி பஸ் கிளம்பும்போது, எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் இப்படிச் சொன்னார். கணவர் மடியில் புதிதாக வாங்கிய கண்ணாடித் தொட்டி இருந்தது.

"பேரில்லாம எப்புடி மும்தாஜு? சவுதியில எங்க ரூமுல எல்லா மீனுக்கும் பேரு இருந்துச்சு. ஊருக்குத் திரும்புறவன் பேரத்தான் வைப்போம். சிவப்புக் கப்பி மீனு முருகேசன், கறுப்பு மோலி மீனு சேவியர். அவன் இன்னும் ரூமுலயே இருக்குற மாதிரி இருக்கும்."

"போன வருசம் வீட்டுத் தொட்டியில முருகேசன் செத்து மெதந்தப்ப நீங்க சோறே திங்கல. நெசமான முருகேசன் தஞ்சாவூர்ல பேரப்புள்ளையோட நல்லா இருக்காரு."

"அவனுக்குப் போன் போட்டுப் பேசுனப்புறந்தான் பசியே எடுத்துச்சு."

இருவரும் சிரித்தார்கள்.

"சரி, எத்தன மீனு விடப் போறீங்க?"

"ரூமுல நாங்க எட்டுப் பேரு. எட்டு விடுவோம்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார்.

"அப்ப செடிய நெறையாப் போடுங்க. வேலம்பாசி ஒரு பக்கம், நாடா மாதிரி ஒசரமா வளருமே, அது ஒரு பக்கம். எட்டும் எந்நேரமும் ஒண்ணு மொகத்த ஒண்ணு பாத்துக்கிட்டே எப்புடி இருக்கும்?"

கணவர் தொட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா புள்ள. எங்க அத்தா மௌத்தான சேதி வந்தப்ப, அந்த ரூமுல அழுவுறதுக்கு ஒரு மறைவு இல்ல. ஏழு பேரும் ஒண்ணும் பேசாம செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."