அண்ணன் கேட்டு வாங்காத அரைநாள்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் ஒர்க்‌ஷாப் முதலாளி அவர்களே, மெக்கானிக் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, கார் தூக்கும் லிப்டுக்கும் டயர் அடுக்குக்கும் நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் என் தொழில் தோழர்களே, வாடிக்கையாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேச வந்துவிட்டேன். அழக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பார்ப்போம்.

நம் தலைமை மெக்கானிக் போய்விட்டார். இந்த வட்டாரமே 'பிரஷர் அண்ணன்' என்று அழைத்த மனிதர் போய்விட்டார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தையற்கடை அம்மா ஒருவரின் பழைய கார். அவரும் இங்கே வந்திருக்கிறார். காலையில் சாவியைத் திருப்பினால் இருமும், முக்கும், கிளம்பாது. கிளம்பிவிட்டாலோ சமர்த்து! எங்கெங்கோ பேட்டரி மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றினார்கள். அண்ணன் என்ன செய்தார்? எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் குழாயில், பிரஷரை முள்ளால் காட்டும் ஒரு கேஜை மாட்டினார். எஞ்சின் ஓடியது. முள் நிமிர்ந்து நின்றது.

"பிரஷர் நல்லாத்தானே இருக்கு, அண்ணே?" என்றேன்.

"ஓடுறப்ப எல்லா வண்டியும் யோக்கியம்தான்டா. நிறுத்திட்டுப் பாரு" என்றார்.

நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முள் சரிந்தது! மறுபடி பிரஷர் ஏற்றி, மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயை இடுக்கிப் பிடித்தார். அப்போதும் சரிந்தது. இன்னொரு முறை ஏற்றி, டேங்கிலிருந்து வரும் குழாயை இடுக்கினார். முள் அசையவில்லை! ஆக, எஞ்சின் பக்கம் கசிவில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்பில் ஒரு சின்ன வால்வு உண்டு. வண்டியை நிறுத்திய பிறகு பெட்ரோல் பின்வாங்காமல் தடுப்பது அதன் வேலை. அதுதான் போயிருந்தது. பம்பை மாற்றினார். மறுநாள் அந்த அம்மா சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. "பயந்துட்டேன் தம்பி" என்றார் அவர். நினைவிருக்கிறதா, அம்மா? அன்று ஒட்டிக்கொண்டதுதான் 'பிரஷர் அண்ணன்' என்ற பெயர்.

இத்தனை தெரிந்தவரின் சொந்தக் கார் எப்படி இருந்தது? அதோ, ஷட்டர் ஓரமாக நிற்கிறதே, அதே கோளாறு! சாவியைப் பாதி திருப்புவார், பம்பு முனகும், அணைப்பார். மறுபடி. மறுபடி. பிறகுதான் ஸ்டார்ட் செய்வார். நாம் சிரிப்போம். "என்னண்ணே, வண்டிகிட்ட கெஞ்சுறீங்களா?" என்று கிண்டல் செய்வோம். அவரும் சிரிப்பார்.

மகள் வீடு தூரத்து ஊரில். பேத்தி பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்த வண்டிய நம்பி நடுவழில நிக்கவா? பம்பை மாத்திட்டுப் போவோம்" என்பார் அண்ணன். ஏன் மாற்றவில்லை? பம்பு இல்லையா? வாங்கி வைத்த பம்பு அவர் அலமாரியில், பெட்டி பிரிக்காமல் இன்றும் இருக்கிறது! இல்லாதது அரைநாள். டேங்கை இறக்கி ஏற்ற ஓர் அரைநாள்.

கேட்கப் போவார். "நீங்க இல்லாம இந்த இடம் எப்படிண்ணே ஓடும்?" என்பார் முதலாளி. அவர் அன்பாகத்தான் சொன்னார், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பான பேச்சுக்குப் பிறகு எவனால் வெளியே போக முடியும்? அண்ணன் கேட்காமலே திரும்பி வருவார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்லி, டாக்டரிடம் போகலாம் என்று அண்ணி கூப்பிட்டபோதும் என்ன சொன்னார் தெரியுமா? "அதுக்கு அரைநாள் ஆகும்டி."

அன்பர்களே! இந்த மேஜையில் ஒர்க்‌ஷாப் சாவிக்கொத்து இருக்கிறது. அண்ணனுடையது. இரங்கல் உரையின் முடிவில் நான் அதை எடுத்து, தலைமை மெக்கானிக்காக அவர் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்ல வேண்டும். காலையிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பின்னால் தொங்கும் பேனரில் என் படத்தையும் போட்டுவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவி இருக்கிறாள். என் மச்சானோடு சேர்ந்து வேறு ஊரில் சின்னதாக ஒரு கடை போடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். உள்ளே வரும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "நீயாவது அதைத் தொடாத, தம்பி."

எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள். இந்த மேடையிலிருந்து எந்தப் பக்கம் இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்தால் அண்ணன் பட்டது எனக்கும். எடுக்காவிட்டால் நன்றி கெட்டவன்.

நான் அதை எடுக்கப் போவதில்லை.

ஆனால் அண்ணன் விட்டுப்போன வேலையைத் தொடர்வேன். அந்தக் காரை இந்த லிப்டில் ஏற்றி, டேங்கை இறக்கி, அவர் வாங்கி வைத்த பம்பையே மாட்டுவேன். கேஜை வைத்து, நிறுத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பேன். பிறகு அண்ணியை ஏற்றிக்கொண்டு போய்ப் பேத்தியிடம் விடுவேன். இது உறுதி.

முதலாளி, அதற்கு நாளை எனக்கு அரைநாள் லீவு வேண்டும். இதோ மைக். அண்ணிக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.