தலைகீழாய் நட்ட கொம்பு

"ஹலோ... ஹலோ... கோவில்பட்டியா? ராமலட்சுமி மதினியா? நான் கடம்பூர் வெயிலுகந்தா பேசுதேன், ஜெயப்பிரியா அம்மா... ஆமா, ஆமா... வச்சிராதீங்க மதினி! ஒரு வார்த்தை கேட்டுட்டு வைங்க..."

எஸ்.டி.டி. பூத்துக்குள் வெயிலுகந்தம்மாளின் மடியில் காய்ந்த கல்யாண முருங்கைக் கொம்பு கிடந்தது. மகள் கல்யாணத்துக்கு ஊன்றிய பந்தக்கால். கல்யாணம் முடிந்ததும் கிணற்றடியில் நட்டார்கள். அது துளிர்த்தால் வம்சம் துளிர்க்கும் என்பார்கள். பாழாய்ப் போனது துளிர்க்கவில்லை. ரெண்டு வருஷமாகப் பிள்ளையும் இல்லை. சம்பந்தி ராமலட்சுமி வீட்டார் ரெண்டையும் முடிச்சுப் போட்டு, மகனுக்கு வேறு பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"...ஆமா, பட்ட கொம்புதான். நான் எங்க இல்லங்கேன்? இன்னைக்குப் பிடுங்கிப் பாத்தேன் மதினி. கணுவுல உள்ள முளைக்கண்ணெல்லாம் மண்ணப் பாத்து நிக்கு! எங்க வீட்டு மனுசன் மப்புல தலைகீழா நட்டுத் தொலைச்சிருக்காரு. பெறகு எங்கிட்டு வேர் பிடிக்கும்?... இல்ல, கேளுங்க. அதே கொம்புல மிச்சத் துண்ட ஆடு கட்ட அடிச்சோம். அது தண்டுலயே வேர் விட்டு ஆளு உசரம் நிக்கு. ஒரு கை தண்ணி ஊத்தல நாங்க!... எம்பிள்ளைட்ட கொறை இல்ல மதினி, கொம்புட்டயும் கொறை இல்ல..."

"...என்ன? சத்தமாச் சொல்லுங்க... அங்கன என்ன மேளச்சத்தம்?... இன்னைக்கா?... பந்தக்காலா?"

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடப்பாவிகளா!... யாரு, எம்பிள்ளையா அத நடப் போறா?... ஓஹோ, மூத்த தாரம் கை வச்சாத்தான் ஊரு வாய மூடுமோ? நீங்கள்லாம் வெளங்குவீங்களா?... அவட்டக் குடுங்க. குடுங்கங்கேன்!"

"...ஏட்டி பிரியா... அழாத. அழாதம்மா. எல்லாத்தையும் போட்டுட்டு பஸ் ஏறி வந்துரு... வர மாட்டியா? ஏன்?... ம்... ம்... போகக் கூடாதுன்னு ஒம் புருசன் சொன்னானாக்கும்... ம்... சரி, என்ன கேக்க?... எது அடிப்பக்கம்னா?... கொம்பக் கையிலயா வச்சிருக்க?"

வெயிலுகந்தம்மாள் மடியில் கிடந்த கொம்பைப் பார்த்தாள். ஒரு பொய் சொன்னால் போதும், அந்தப் பந்தக்காலும் தலைகீழாய் நின்று பட்டுப்போகும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"...இருக்கேன், இருக்கேன்... கண்ணு மேல பாக்க நடு தாயி. வாரவளும் ஒருத்தி பெத்த பிள்ளதான். நாளைக்கு அவளையும் பட்ட கொம்புன்னு... ஹலோ?... பிரியா?... ஏட்டி?..."